சூரியனுக்கும் ஒரு சுங்கச்சாவடி

ஸ்பெயின் அரசு ஒரு காலத்தில் சூரியனைக் கூவிக் கூவி விற்றது. 'சூரியன் உங்களுடையதாகலாம்' என்று அரசு நிறுவனமே விளம்பரம் செய்தது. சபதேரோ ஆட்சியின் 2007 அரசாணைப்படி, சிறிய சோலார் ஆலை தரும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 44 யூரோ சென்ட். அதுவும் 25 வருடத்துக்கு. சந்தை விலையைப் போலப் பல மடங்கு! எவன் விடுவான்? விவசாயியும் ஓய்வூதியக்காரரும் வங்கியில் கடன் வாங்கி, சொத்தை அடமானம் வைத்துப் பேனல் போட்டார்கள்.

2010-க்குள் 400 மெகாவாட் வந்தால் போதும் என்பது அமைச்சக மேதைகளின் கணக்கு. 2008-ல் மட்டும் 2,500 மெகாவாட்டுக்கு மேல் வந்து குவிந்தது. பேனல் விலை சரியும்போது மானியமும் சரிய வேண்டும் என்பது அந்த மேதைகளுக்கு உறைக்கவில்லை. சில ஆலைகள் நடுராத்திரியிலும் 'சூரிய' மின்சாரம் விற்றதாக 2010-ல் மாட்ரிட் பத்திரிகையில் செய்தி வந்தது. டீசல் ஜெனரேட்டரை ஓட்டியிருப்பார்களோ என்று சந்தேகம். நிலாவுக்கும் மானியம் கொடுத்த பெருந்தன்மையை என்னவென்பது!

இன்னொரு பக்கம், ஓட்டுக்குப் பயந்து மின்கட்டணத்தைச் செலவுக்கும் கீழே அமுக்கி வைத்ததில் ஏறிய பாக்கி 2013-ல் 2,500 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. அமுக்கியவர்கள் யோக்கியர்கள்; பேனல் போட்டவன் கொள்ளைக்காரன் ஆனான். 2010-ல் மானியம் கிடைக்கும் மணி நேரத்துக்கு வரம்பு கட்டினார்கள். 2012-ல் ரஹோய் அரசு புது ஆலைகளுக்குக் கதவைச் சாத்தியது. 2013-ல் அந்த 25 வருட விலையையே அழித்துவிட்டு, 'நியாயமான லாபம்' எவ்வளவு என்பதை நாங்களே சொல்கிறோம் என்றது.

வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் அசரவில்லை. வெளிநாட்டு முதலீட்டுக்குப் பாதுகாப்புத் தரும் எரிசக்தி சாசன ஒப்பந்தத்தைக் காட்டி சர்வதேச நடுவர் மன்றங்களில் வழக்குக்கு மேல் வழக்குப் போட்டன. அந்தக் கதவு சொந்தக் குடிமகனுக்குக் கிடையாது. அவனுக்கு இருந்தது உள்ளூர் உச்ச நீதிமன்றம். அது வெட்டு சரிதான் என்றது. பேச்சை நம்பிய பாவத்துக்கு அவன் பாஸ்போர்ட்டே அவனுக்கு எதிரி.

இதோடும் ஆத்திரம் அடங்கவில்லை. 2015-ல் 'சூரிய வரி' வந்தது. 10 கிலோவாட்டுக்கு மேல் பேனல் வைத்திருந்தால், தன் கூரையில் தயாரித்துத் தானே பயன்படுத்தும் மின்சாரத்துக்கும் கட்டணம். சிறியவர்கள் மிச்ச மின்சாரத்தை கிரிட்டுக்குச் சும்மா தாரை வார்க்க வேண்டும். விதியை மீறினால் அபராதம் 6 கோடி யூரோ வரை போகலாம். ஐரோப்பாவிலேயே வெயில் கொழிக்கும் நாட்டில்!

2018 அக்டோபரில் சான்செஸ் அரசு அந்த வரியை ஒழித்தது. 2007-ல் கொடுத்த 25 வருட வாக்கை மட்டும் எந்த அரசும் திருப்பித் தரவில்லை.