ஆகாயத்தில் சாரம் மாற்றுவது எப்படி?

மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போகும் அம்மாமாருக்கும், "அப்ப நானும் வாறன்" என்று கூடவே வெளிக்கிடும் ஐயாமாருக்கும் உடுப்பு ஆலோசனை சொல்ல யாழ்ப்பாணத்தில் ஆட்பஞ்சம் இல்லை. மருமகள் வைபரில் சொல்வாள். முன்வீட்டு மாஸ்ரர் படலையடியில் நின்று சொல்வார். ரிக்கெற் போட்டுத் தந்த பெடியன் கேட்காமலே சொல்வான். எல்லாரும் பிளேனுக்கு என்ன உடுப்பது என்றே சொல்கிறார்கள். பிளேனுக்காக யார் உடுக்கிறார்கள்? விளக்கை அணைத்ததும் பக்கத்துச் சீற்றுக்காரர் வாயைப் பிளந்தபடி நித்திரை. உங்கள் கரைச்சேலையைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. பார்க்கப்போவது இரண்டே கூட்டம்: வழியனுப்ப வருகிறவர்கள், கூட்டிப்போக வருகிறவர்கள். இடையில் கிடக்கும் ஒன்றரை நாள் உங்கள் உடம்பின் பாடு.

அந்த ஒன்றரை நாளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது உண்மைதான். ஆனால் அங்கிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் பறப்பதற்கு உடுப்பு யோசனை தேவையில்லை. யோசித்து முடிக்குமுன் இறங்கிவிடுவீர்கள். ரொறன்ரோப் பயணம் கோண்டாவில் ஒழுங்கையில் நிற்கும் வானிலே தொடங்குகிறது. ஏ9 வீதியால் ஏழெட்டு மணித்தியாலம் ஓடிக் கட்டுநாயக்கா. அங்கே மூன்று மணித்தியாலக் காத்திருப்பு. பிறகு வளைகுடாவுக்கு 5 மணித்தியாலம், அங்கே இறங்கி ஏறி இன்னும் 14. வானில் வருகிற பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் ரிக்கெற். மற்ற ஒன்பது பேரும் உங்கள் சேலை மடிப்பைக் கண்காணிக்க வருகிறவர்கள்.

சேலை கட்டுகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை முறிகண்டி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்த வானும் அவ்விடத்தைக் கடக்காது, கச்சான் வாங்காமல் எந்தச் சனமும் வானில் ஏறாது. மடியில் வைத்து உடைத்த கச்சானின் சிவப்புத் தோல் கொசுவத்துக்குள் புகுந்துவிடும். அது உதிரத் தொடங்குவது 35,000 அடி உயரத்தில், அதுவும் பணிப்பெண் சாப்பாட்டுத் தட்டோடு குனியும் நேரம் பார்த்து.

இரண்டாவது எச்சரிக்கை பிளேனின் கழிப்பறை. முழங்கையை நீட்ட இடமில்லாத பெட்டி அது. அதற்குள் ஐந்தரை மீற்றர் துணியைத் தூக்கிப்பிடித்து, கதவையும் பூட்டி, ஈர நிலத்தில் தலைப்பு படாமல் வெளியே வருவதற்குப் பயிற்சி வேண்டும். நைலெக்ஸ் கசங்காதுதான். ஆனால் வேர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகி உடம்போடு ஒட்டும். பருத்தி கசங்கும், ஆனால் மூச்சுவிடும். கசங்கினாலும் பரவாயில்லை என்பது என் கட்சி. பருத்தியில் தொளதொளவென்று ஒரு பஞ்சாபி, மேலே ஒரு கம்பளிச் சால்வை.

"இந்த வயசில பஞ்சாபியோ? சனம் சிரிக்குமடி."

"எந்தச் சனம் அம்மா? அந்தச் சனம் எல்லாம் முதலே கனடாவில பஞ்சாபியோடதான் நிக்குது."

சால்வையை விடவேண்டாம். பிளேனுக்குள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்து அளவுக்குக் குறைத்து வைத்திருப்பார்கள். அதாவது நுவரெலியாவில் இரவு முழுக்கக் கதிரையில் குந்தியிருப்பதற்குச் சமம். ஈரப்பதனோ 20 சதவீதத்துக்கும் கீழே போகும். கடற்காற்றில் வளர்ந்த தோல் காய்ந்து வெடிக்கும். ஆகவே கைப்பையில் கொஞ்சம் கிறீம், காதைச் சுற்ற ஒரு துவாய்.

அசையாமல் இருந்தால் கால் வீங்கும். கலியாணத்துக்கு வாங்கிய சப்பாத்தை ஐயா கழற்றுவார், வளைகுடாவில் இறங்கும்போது அது காலுக்குள் போகாது. நாடா கட்டுகிற, அரை அளவு பெரிய சப்பாத்தே சரி. இரத்த ஓட்டத்துக்கென்று விற்கும் இறுக்கமான சொக்ஸ் வைத்தியரைக் கேட்டுப் போட்டால் நல்லது. ஒன்று மட்டும்: கழிப்பறைக்குச் சொக்ஸோடு போகவேண்டாம். நிலத்தில் கிடப்பது தண்ணீர் என்று நம்புவது உங்கள் நல்ல மனம்.

இனி ஐயாவின் சங்கதி. நீளக் காற்சட்டையோடு 14 மணித்தியாலம் இருக்கச் சொன்னால் அவர் பயணத்தையே நிறுத்திவிடுவார். சாரம் வேண்டும். எங்கே மாற்றுவது? கீரிமலைக் கேணிக்கரையில் அத்தனை பேர் முன்னால் துவாய்க்குள்ளே உடுப்பு மாற்றிய கைக்கு இது பெரிய காரியமில்லை. விளக்கு அணையும்வரை பொறுத்திருக்கவும். சாரத்தைத் தலைவழியாகப் போட்டு, மேல் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்ளவும். உள்ளே பெல்ற், பிறகு கொக்கி, பிறகு பொத்தான். காற்சட்டையைக் கால்வழி உருவி மடித்து முதுகுக்குப் பின்னால் வைக்கவும். இந்த நேரத்தில் "கோழியா மீனா?" என்று கேட்டால் பதில் சொல்லவேண்டாம், வாயைத் திறந்தால் சாரம் விழும். தலையை மட்டும் ஆட்டவும். எதற்கு ஆட்டினீர்களோ அது வரும்.

சீற் பெல்ற்றைச் சாரத்துக்கு மேலாகக் கட்டவும். சண்டிக்கட்டு அறவே கூடாது. இறங்க இரண்டு மணித்தியாலம் இருக்கும்போதே காற்சட்டைக்குத் திரும்பிவிட வேண்டும், கடைசி நேரத்தில் கழிப்பறை வாசலில் வரிசை நிற்கும்.

கைப்பொதி 7 கிலோவைத் தாண்டினால் மிச்சத்தை உடம்பில் ஏற்றுவது நம்மவர் வழக்கம். இரண்டு ஸ்வெற்றர் போடலாம், மகன் அனுப்பிய கோட்டையும் கையில் எடுக்கலாம். தை மாதத்தில் ரொறன்ரோ சுழியத்துக்குக் கீழேதான் கிடக்கும். ஆனால் கோட்டுப் பொக்கற்றில் வறுத்த மிளகாய்த்தூள் பைக்கற் வைக்கவேண்டாம். உலோகம் தேடும் வாசலில் அது சத்தம் போடாதுதான். கோட்டை உதறிப் பார்க்கும் உத்தியோகத்தர் போடுவார்.

சத்தம் போடுவது தாலிக்கொடி. 11 பவுண் என்றால் 88 கிராம், எந்த இயந்திரமும் கும்பிட்டுவிட்டுத்தான் விடும். கழற்றமாட்டேன் என்றால் ஒதுக்கமான இடத்தில் பெண் உத்தியோகத்தரைக் கொண்டு சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதில் வெட்கம் இல்லை. வழி முழுக்கக் கொடி சட்டைக்கு உள்ளே இருக்கட்டும்.

பியர்சன் விமான நிலையத்தில் பொதி எடுத்ததும் கொஞ்சம் நில்லுங்கள். முகம் துடைத்து, பொட்டு வைத்து, சால்வையைச் சரிசெய்து, கொடியை வெளியே எடுத்துவிடுங்கள். கதவு திறந்ததும் மருமகன் படம் எடுப்பார். நீங்கள் பேரப்பிள்ளையைத் தூக்குமுன் அது கோண்டாவிலில் எல்லார் கைத்தொலைபேசியிலும் நிற்கும். பிள்ளை யார் சாயல் என்று அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். "அக்கா, கொடி எங்கை?" என்றுதான் முதல் கோல் வரும்.