வாவிக்கரை சப்வூஃபர்

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கரைக் கார்களில் சப்வூஃபரின் முழக்கம் மங்கிப்போவது ஏன்?

பதில்: முதல் சந்தேகம் உப்புக் காற்றின் மேல். ஏர்த் வயர் காரின் உடற்தகட்டில் பூட்டிய இடத்தில் துரு ஏறினால் அம்பிளிஃபயருக்கு மின்சாரம் போதாது. பெயின்ரைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசவேண்டும்.

சப்வூஃபர் இரண்டு இருந்தால், ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கக்கூடும். ஒரு கூம்பு வெளியே தள்ள, மற்றது உள்ளே இழுக்கும். இந்தக் குடும்பச் சண்டையில் காணாமற்போவது தாழ்ந்த ஒலிதான். அம்பிளிஃபயரிலிருந்து கழற்றிய சப்வூஃபர் வயர்களில், 1.5 வோல்ற் பற்றரியின் பிளஸ்ஸைப் பிளஸ்ஸிலும் மைனஸ்ஸை மைனஸ்ஸிலும் ஒரு கணம் தொட்டால், கூம்பு பொதுவாக வெளியே துள்ளும். உள்ளே போனால் குட்டு உடைந்தது.

கல்லடிப் பாலத்தடிப் பாடும் மீனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை: துடுப்பை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் போதும், பாட்டுக் கேட்கும் என்பார்கள். காரிலோ, கூம்பின் விளிம்பு நுரை கிழிந்திருந்தால் புதிது ஒட்டும்வரை கரகரப்புத்தான்.