டீக்கு மார்க் போடுதல்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மேகமலையில் தேயிலை விளைகிறது, போடியில் ஏலக்காய் ஏலம் போகிறது. இத்தனை இருந்தும் தேனி மாவட்டத்தில் டீயை அளக்க வழங்கிவரும் அலகுகள் இரண்டே: 'நல்லாருக்கு', 'பரவால்ல'. இக்குறையைப் போக்க ஆய்வாளர் (அடியேன்தான்) நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார்.

2. முன்னோர் முயற்சிகள்

ருசி பார்ப்பதற்கான டீயை எங்கும் ஒரே சீராகப் போட, 1980-இல் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச விதி வந்தது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிட ஊறல். இதே விஷயத்தை ஆறு பக்கத்துக்கு எழுதிய பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999-இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். கம்பம் பஸ் ஸ்டாண்டில் 6 நிமிடம் ஊறவிட்டால் குமுளி பஸ் போய்விடும். விதி தள்ளுபடி.

3. முறை

மொத்தம் 100. டிக்காஷன் 30, பால் 20, இனிப்பு 20, சூடு 15, ஆற்றிய நேர்த்தி 10, நுரை 5. மார்க் நாளுக்கு நாள் நழுவாமலிருக்க ஓர் அடிக்கல் வேண்டும். கல்யாண மண்டபத்து டிரம் டீ எப்போதும் 20 என்று நட்டுக்கொண்டேன்.

4. இடர்ப்பாடுகள்

டீ மாறவில்லை, நாக்கு மாறியது. மிளகாய் பஜ்ஜிக்கு முன் 15 வாங்கிய இனிப்பு, பஜ்ஜிக்குப் பின் 19. என் காசில் குடித்தது 62; அதே கடையில் நண்பர் காசில் குடித்தது 74. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுக் குளிரில் குடித்தது 95. அதே தூளை வீட்டில் போட்டால் 51. மீதி 44 மார்க், குளிருக்கும் வாந்தி வராமல் தப்பியதற்கும் சேர வேண்டியவை.

ஆகவே கண்மூடிச் சோதனை. பால் முதலில் ஊற்றியதா, டீ முதலில் ஊற்றியதா என்று ருசித்தே சொல்வேன் என்ற பெண்மணிக்காக ரொனால்ட் ஃபிஷர் வகுத்த முறை, 1935-இல் வந்த அவர் நூலில் இருக்கிறது: எட்டுக் கோப்பை, நாலு இப்படி, நாலு அப்படி. குருட்டாம்போக்கில் எட்டும் சரியாக வர வாய்ப்பு 70-இல் ஒன்று. மாஸ்டரிடம் எட்டு டீ கேட்டேன்.

"மத்த ஏழு பேரும் எங்கண்ணே?"

விளக்கினேன். பாய்லரைத் தட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

5. முடிவு

"எங்கிட்ட ரெண்டே மார்க்குதாண்ணே. கிளாஸ்ல மிச்சம் வச்சா பெயிலு, வைக்கலன்னா பாஸு."

நோட்டைப் புரட்டினேன். கடை டீக்களில் ஆகக் குறைந்த மார்க் 38. அருகில் என் கையெழுத்திலேயே, 'தூள் பழசு, பால் தண்ணி, இனிப்பு திகட்டல்' என்று மூன்று கண்டனங்கள். மிச்சம் வைத்ததாக மட்டும் எங்கும் குறிப்பில்லை.