பார் வைத்த சைக்கிளும் பவர்பாயிண்டும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, தொண்டர்களான நாங்கள் தலைவிகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேரை வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள். 'அ, ஆ சொல்லிக்கொடுத்துட்டு வந்துடறேன்' என்றுதான் கிளம்புவோம். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, ஆடு மாட்டைக் கட்டிவிட்டு, யார் வீட்டுத் திண்ணையிலாவது அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பெண்கள் உட்காருவார்கள். முக்கால்வாசிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். 'டீச்சரு' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நான் பாடம் நடத்தும்போதே கொட்டாவியும் விடுவார்கள்.

எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. பஸ்ஸை நம்பினால் தொண்டர்கள் ஊருக்கு ஊர் போய் வகுப்பு எடுக்க முடியாது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் பழக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். வாங்குவதற்கு வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரையில் ஒருத்தி ஓட்ட, நான்கு பேர் பிடிக்க, ஐந்து பேரும் விழுவோம். டீக்கடை பெஞ்சிலிருந்து, 'இனிமே உலை வைக்கிறது நாமதான்டா' என்று குரல் வரும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரும் பிறகும் உலை வைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

கொஞ்ச நாளில் கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனது. பெண்கள் அசரவில்லை, பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் முன்னால் பிள்ளையை உட்காரவைக்கலாமே! கூடையில் காய், பாரில் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம். சந்தைக்குப் போக அண்ணனையோ வீட்டுக்காரரையோ கெஞ்சிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஒரு ஊரில் விற்காததை அடுத்த ஊரில் விற்றுவிட்டு, விளக்கு வைக்குமுன் வீடு திரும்பலாம். இதற்கெல்லாம் 'ஆளுமை மேம்பாடு' என்று ஒரு பெயர் இருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அது பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். மாவட்டமே முழு எழுத்தறிவு பெற்றுவிட்டதென்று 1992இல் அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்து மேஸ்திரி கூலிக்குக் கைநாட்டுத்தான் வாங்கினார். கையெழுத்துப் போடுகிறவள் கணக்குக் கேட்பாள் என்பது அவருடைய அனுபவம்.

1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. எங்கள் திண்ணையில் எழுத்துக் கூட்டிப் படித்த ஓர் அக்கா ஊராட்சித் தலைவரானார். மாலையும் நாற்காலியும் அவருடைய வீட்டுக்காரருக்குப் போயின. ஊரும் அவரைத்தான் 'பிரசிடெண்டு' என்றது. அக்கா எதற்கும் சண்டை போடவில்லை. ஊராட்சி ரப்பர் ஸ்டாம்பை மட்டும் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்றால் பிரசிடெண்டு ஐயா வெயிலில் வரப்பேறி, களையெடுக்கிற இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அக்கா மண்வெட்டிப் பிடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவசரமே பட மாட்டார்.

இப்போது நிலைமை வெகுவாக முன்னேறிவிட்டது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, உள்ளாட்சியில் பாதி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஐ.நா. 2012 முதல் அக்டோபர் 11ஐ சர்வதேசப் பெண் குழந்தைகள் நாளாகக் கொண்டாடுகிறது. அதையொட்டி 2025இல் ஒரு கல்லூரியில் 'உலகை வழிநடத்தும் இளம் பெண்கள்' என்று முகாம் நடத்தினார்கள். பழைய ஆள் என்பதால் என்னையும் மேடையேற்றினார்கள். ஏசி அரங்கம், கழுத்தில் அட்டை, வரவேற்பு பானம். முகாமுக்கு வந்த ஒவ்வொரு எதிர்காலத் தலைவியும் அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கொண்டுவந்திருந்தாள். விடுதிக் கதவு ஆறு மணிக்குச் சாத்தப்படும் என்பதால், உலகை வழிநடத்துவதை ஐந்தரைக்குள் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பேனரில் வெளிநாட்டுப் பெண்மணிகள் வரிசையாகச் சிரித்தார்கள். இதே புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரிக்குள் நுழைந்து, 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரான முத்துலட்சுமி ரெட்டிக்கு அதில் இடமில்லை. பேனரில் ஸ்பான்சர்களின் சின்னங்கள் நிறைய இருந்தன. இடநெருக்கடி புரிந்துகொள்ளக் கூடியதே.

பயிற்சியாளர் இளைஞர், கெட்டிக்காரர். 'கண்ணை மூடி, ஐந்து வருடம் கழித்து எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று பாருங்கள்' என்றார். எல்லோரும் மூடினார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் மூடாமல் கை தூக்கினாள்.

"சார், எங்க ஊராட்சித் தலைவர் நாற்காலின்னு வச்சுக்கிறேன். செக்குல யார் சார் கையெழுத்துப் போடணும்?"

அவர் என்னைப் பார்த்தார். தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து போட வேண்டும் என்றேன். ஒதுக்கீட்டில் பெண் தலைவரானால் துணைத்தலைவர் பதவிக்குப் பெரிய வீட்டுக்காரர்கள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பதையும், 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் துணைத்தலைவர் நாற்காலியில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் வெளியானதையும் சொன்னேன். அரங்கத்தில் ஏசி சத்தம் கேட்டது.

"அப்ப தேர்தல் எப்ப மேடம்?"

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது, இன்னும் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்தான் பார்த்துக்கொள்கிறார் என்றேன்.

பயிற்சியாளர் ரிமோட்டை எடுத்துக்கொண்டார். "நல்ல கேள்விம்மா. ஆனா அது அரசியல். நாம லீடர்ஷிப்புக்கு வருவோம்" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

போகும்போது எல்லோருக்கும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். 'அடுத்த முகாமில் என்ன சேர்க்கலாம்?' என்ற கட்டத்தில், கேள்வி கேட்ட பெண்ணின் பக்கத்திலிருந்தவர்கள் 'ஸ்நாக்ஸ்' என்று எழுதினார்கள். அவள் 'தேர்தல்' என்று எழுதி, மடிக்காமல் கொடுத்துவிட்டுப் போனாள்.