வட்டை முழுவதும் அழிக்கவா?

விண்டோஸை விடவும் மனமில்லை, லினக்ஸ் தெரியாது என்று சொல்லவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவைக்கும் விர்ச்சுவல் பாக்ஸ் இருக்கிறது. இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் அதை 2007-இல் திறமூலமாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு இன்னோடெக்கை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2010-இல் சன்னையே ஆரக்கிள் விழுங்கியது. சுதந்திர மென்பொருளுக்கு இத்தனை முதலாளிகள்!

எட்டு ஜி.பி. ராமில் பாதியை உபுண்டு என்ற லினக்ஸுக்குத் தாரை வார்த்ததும் இரண்டு இயங்குதளங்களுக்கும் ஒருசேர மூச்சு வாங்கும். உபுண்டுவுக்கென 25 ஜி.பி.யில் ஒரு வட்டு உருவாக்குகிறோம். உண்மையில் அது வட்டே அல்ல, விண்டோஸுக்குள் கிடக்கும் ஒரு கோப்பு. நிரம்ப நிரம்பத்தான் வளரும். இதெல்லாம் தெரிந்த மனிதருக்கும், 'வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா?' என்று திரை கேட்கும்போது கை நடுங்கும். கல்யாண ஆல்பம், வருமான வரிக் கணக்கு, பையனின் பிராஜெக்ட் எல்லாம் கண்முன் வந்து போகும். அழியப்போவதோ வெறுங்கோப்பு.

எல்லாம் முடிந்ததும், நிறுவப் பயன்பட்ட டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு என்டர் தட்டச் சொல்லும். இல்லாத டிரைவிலிருந்து இல்லாத டிஸ்க்கை எப்படி எடுப்பது? பவ்யமாக என்டரைத் தட்டினால் பெரும்பாலும் அதுவே சமாளித்துக்கொள்ளும்.

உள்ளே மாட்டிய மவுஸை வலது கன்ட்ரோல் தட்டி மீட்டு, தபால் அட்டை அளவுத் திரையை கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளைப் போட்டு விரித்து, ஒருவழியாகச் சுதந்திர உலகில் கால் வைத்துவிட்டார் நம்மவர். முதல் வேலையாக ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, குரோமைத் தேடி இறக்குகிறார்.