கிலோமீட்டர் மாமா

"பொண்ணு சான் ஃபிரான்சிஸ்கோ கிளம்பறா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டீர்கள். தீர்ந்தது. காபி ஆறும், கிலோமீட்டர் மாமா ஆற மாட்டார்.

"இங்கேருந்து சுமாரா 14,000 கிலோமீட்டர். எத்தனை மணி நேரமாம்?"

"25 மணி நேரம் மாமா."

"அது பயண நேரம்பா. நான் பறக்கற நேரத்தைன்னா கேக்கறேன்!"

இதில் அவர் படு கறார். வீட்டைப் பூட்டியதிலிருந்து போய் இறங்கும் வரை ஒரு கணக்கு. விமானக் கதவு சாத்தித் திறக்கும் வரை இன்னொன்று. சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை மூன்றாவது. அந்த மூன்றாவதுதான் அவருக்கு வேதம். துபாயில் ஐந்து மணி நேரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்த இடுப்புவலியெல்லாம் கணக்கில் சேராது.

ஒரு நாள் மாமி முல்லைப்பூ கட்டிக்கொண்டிருந்தார். மாமா அந்த நூலில் ஒரு முழம் அறுத்தார். பேரனின் உலக உருண்டை வந்தது. ஒரு முனையைச் சென்னைமேல் என் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னார். மறுமுனையை சான் ஃபிரான்சிஸ்கோவில் வைத்து விறைப்பாக இழுத்தார். நூல் பசிபிக் கடலின் நடுவே போகவில்லை. சீனாவில் ஏறி, சைபீரியாவைத் தாண்டி, அலாஸ்கா வழியாகச் சறுக்கி இறங்கியது. "பாத்தியோ? தட்டை மேப்புல ஸ்கேல் வைக்கறவன் அசடு." நூலில் ஒட்டியிருந்த ஒரு மொட்டு சைபீரியாவில் உதிர்ந்தது. மாமி ஒன்றும் பேசாமல் வேறு நூல்கண்டு எடுத்துக்கொண்டார்.

குறுக்கு வழிதான் தெரிந்துவிட்டதே என்று எழுந்தால் விடுவாரா? "குறுக்கு வழின்னா சீக்கிரம்னு யார் சொன்னா?" என்று உட்காரவைத்தார். 2016-ல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது, நேரமோ பதினாலரை மணியாகக் குறைந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியதுதான் காரணம். நல்ல விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. பதினோரு தடவை கேட்டிருக்கிறேன். பன்னிரண்டாவது தடவை, பாதியில் நானே முடித்துவைத்தேன். மாமா இரண்டு நாள் பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு துக்கம். டல்லாஸிலிருந்து மகன் ஓடி வந்து அப்பாவின் காலடியில் விழுந்து அழுகிறான். மாமா தோளைத் தொட்டுத் தூக்கினார். அடடா, இவருக்கும் மனசு இருக்கிறது என்று நினைத்தேன். "தோஹா வழியா, துபாய் வழியா?" என்றார்.

மாமா இதுவரை விமானம் ஏறியது ஒரே ஒரு முறை. கோயம்புத்தூருக்கு.

இதையெல்லாம்கூட நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். போன மழைக்காலத்தில் சிங்கப்பூர் கிளம்பினேனே, அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. "வேளச்சேரியிலேருந்து மீனம்பாக்கம் 9 கிலோமீட்டர். 20 நிமிஷம். இப்பவே போய் அங்க என்ன பண்ணப்போறே?" என்றார். கேட்டேன், என் புத்தி. விஜயநகர் முனையில் முழங்கால் தண்ணீரில் கார் நின்றது. டிரைவர் தம்பி கதவைத் திறந்தார், தண்ணீர் எங்களுக்கு முன்னால் உள்ளே வந்து உட்கார்ந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து, ஆட்டோ பிடித்து, போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். கவுண்டர் மூடிவிட்டார்கள். டிக்கெட் பணம் போனது போனதுதான்.

அங்கிருந்தே மாமாவுக்குப் போன் போட்டேன், நாலு வார்த்தை கேட்க.

"விடு, சிங்கப்பூர்தானே? 2,900 கிலோமீட்டர். நாலு மணி நேரம். கூப்பிடு தூரம்!"

அந்த 9 கிலோமீட்டரைப் பற்றி அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. உங்கள் குடியிருப்பிலும் ஒரு மாமா இருப்பார். பெட்டி கட்டும்போது கதவைச் சாத்திக்கொண்டு கட்டுங்கள்.