நதிமூலம் பார்த்தவர்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது முன்னோர் வாக்கு. அதைக் கேட்டறியாதவரும், கேட்டிருந்தாலும் அந்த மூலத்துக்கு வரைபடம் கிடைக்குமா என்று விசாரிக்கக்கூடியவருமான ஒரு மனித வகை இங்கிலாந்தில் உண்டு. இவரை 'நெடுநடையர்' என்று குறிக்கலாம். ஓர் ஆற்றையோ கடற்கரையையோ ஒட்டி நாள்கணக்கில் நடந்து, இரவில் விடுதியில் தங்கி, விடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்பவர் இவர். மூன்றாம் நாளுக்குள் களைப்பு இவரை மற்றவர்களைப் போல ஆக்கிவிடுவதால், இவரது இயல்பை முழுமையாகக் காண விரும்புவோர் முதல் நாளிலேயே, அதிலும் 1996-இல் திறக்கப்பட்ட தேம்ஸ் ஆற்றங்கரை நடைபாதையின் முதல் நாளிலேயே, காண வேண்டும்.

கிளாஸ்டர்ஷயர் மாவட்டத்தின் ஒரு புல்வெளியில் தொடங்கி, லண்டனின் கிழக்குப் பகுதி வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் செல்லும் இப்பாதை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 110 மீட்டர் உயரத்தில்தான் புறப்படுகிறது. அதாவது இரண்டு வாரம் நடந்து இறங்குகிற மொத்த இறக்கம், ஓர் உயரமான கோபுரத்தை இரண்டு முறை ஏறி இறங்குவதற்குள் முடிந்துவிடும். ஆயினும் நெடுநடையர் இரு கைகளிலும் மலையேற்றக் கழிகளைப் பிடித்தே வருகிறார். அண்மையில் பணி ஓய்வு பெற்ற இவர், சுமையைக் குறைக்கும் கலையைப் பற்றி ஆறு மாதம் படித்து, சமையலறைத் தராசில் ஒவ்வொரு பொருளாக நிறுத்து, பல்துலக்கியின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துச் சில கிராம்களை மிச்சப்படுத்தியிருப்பார். பிறகு வழியில் பசிக்குமே என்று ஒரு முழு உலர்பழ கேக்கையும் பைக்குள் வைத்திருப்பார். கழுத்தில் தொங்கும் ஒளிபுகும் உறைக்குள், நிலத்தின் ஒரு கிலோமீட்டரை நான்கு சென்டிமீட்டராகச் சுருக்கி வயல்வேலிகளைக்கூடத் தவறாமல் காட்டும் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் இருக்கும். பாதை நெடுகிலும் தேசிய நடைபாதைகளின் சின்னமான ஓக் மரக்கொட்டை பொறித்த வழிகாட்டிக் கம்பங்கள் நிற்பதால் வரைபடத்துக்கு அவ்வளவாக வேலை இல்லை. அது ஒருவகைத் தாயத்து என்று கொள்வதே பொருந்தும்.

லண்டனிலிருந்து ஒன்றேகால் மணி நேர இரயில் பயணத்தில் கெம்பிள் என்ற சிற்றூரில் இறங்கும் இவரது முதல் காரியம், லண்டனுக்கு எதிர்த்திசையில் நடப்பது. மூலம் அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே சென்றடைந்தால் காணக்கிடைப்பவை ஒரு மரம், எழுத்துகள் தேய்ந்த ஒரு கல், கல்லின் முன் கொஞ்சம் கூழாங்கல். ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே தண்ணீர் கிடையாது. வேறு நாட்டவராயின் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். நெடுநடையரோ கல்லைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்து, அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். செல்டன்ஹாம் அருகே ஏழு ஊற்றுகளில் பிறக்கும் சர்ன் என்னும் துணையாறு கடலிலிருந்து இதைவிடத் தொலைவில் தோன்றுவதால் அதுவே உண்மையான மூலம் என்ற வழக்கும் உண்டு; 1937-இல் அது நாடாளுமன்றம் வரை போனது. சர்னில் தண்ணீர் இருக்கிறது என்பதை நெடுநடையரிடம் சொல்லாமலிருப்பதே நாகரிகம்.

அதன்பின் அவர், புல்லில் ஒரு தாழ்ந்த தடமாக மட்டுமே தெரியும் ஆற்றின் கரையோடு, எது இடக்கரை எது வலக்கரை என்பதை வரைபடத்தில் சரிபார்த்தபடி நடந்து, ஒரு மணி நேரத்தில் மீண்டும் கெம்பிள் அருகிலேயே வந்துசேர்கிறார். இரயிலின் ஓசை காதில் விழுகிறது. இரப்பர் காலணியும் நாயுமாக எதிரே வரும் உள்ளூர் மூதாட்டி, எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். லண்டனுக்கு என்று இவர் சொன்னால், நிலையம் பின்னால் இருக்கிறதே என்று பரிவோடு கையைக் காட்டுவார்.

அடுத்த சோதனை வாயில்கள். தனியார் வயல்களின் ஊடே செல்லும் பழைய ஒற்றையடிப் பாதைகளில் பொதுமக்கள் நடக்கும் உரிமையை ஊர்தோறும் பதிவுசெய்து பாதுகாக்க 1949-இல் சட்டம் இயற்றிய நாடு அது. நிலம் ஒருவருடையது, அதில் நடக்கும் உரிமை எல்லாருடையது என்பதே இந்த ஏற்பாடு. ஆனால் மனிதர் போகவும் மாடு நிற்கவும் வேண்டுமே. அதற்காக அமைந்ததுதான் 'முத்தக் கதவு'. வளைந்த வேலிக்குள் ஆடும் இக்கதவு இருபுறச் சட்டங்களையும் மாறிமாறித் தொடுவதால் இப்பெயர் பெற்றது. உள்ளே நுழைந்து, மூலையில் ஒதுங்கி, கதவைத் தன்னைக் கடந்து தள்ளி வெளியேற வேண்டும். வெறுங்கையோடு வரும் மூதாட்டிக்கு இது இரண்டு நொடி வேலை. முதுகில் கட்டில்மெத்தை அளவுப் பையோடு நுழையும் நெடுநடையரோ, மூலையில் ஒதுங்கியதும் பை வேலியில் சிக்க, கழிகளில் ஒன்று கம்பிகளுக்கிடையே மாட்ட, கதவு வயிற்றில் அழுந்த, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நிற்கிறார். அப்புறத்தில் இளங்காளைகள் அரைவட்டமாகக் கூடி இதை உற்று நோக்குகின்றன. அப்போது அவர் செய்வது ஒன்றுதான்: வரைபடத்தை உயர்த்தி, அங்கே நிற்பதே தமது நோக்கம் என்பதுபோல் ஆழ்ந்து படிக்கிறார்.

மாலைக்குள் ஆறு மெய்யாகவே ஆறாகிவிடுகிறது. ஆஷ்டன் கெயின்ஸ் ஊரில் அது வாசல்களை ஒட்டி ஓட, வீட்டுக்கொரு சிறுபாலம் போட்டிருக்கிறார்கள். சரளைக்கல் தோண்டிய பள்ளங்கள் ஏரிகளாகிவிட்ட நிலப்பகுதியைத் தாண்டி, சுமார் 20 கிலோமீட்டர் நடந்து, தேம்ஸ் கரையின் முதல் நகரமான கிரிக்லேடை நெடுநடையர் அடைகிறார். அங்கேதான் சர்னும் வந்து கலக்கிறது. மதுக்கூடத்தில் காலணியைக் கழற்றிக் கொப்புளங்களை எண்ணும் அவர், தேம்ஸ் கரையோரமாக வந்ததாகச் சொல்வார், கேட்பவர்களும் மறுக்கமாட்டார்கள். மூலத்தில் 1958-இல் கிடத்தப்பட்ட 'தேம்ஸ் தந்தை' சிலையே 1974-இல் தண்ணீருள்ள லெச்லேடு மதகடிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. மறுநாள் அவர் அதைக் கண்டு வணங்குவார்.

மூலத்தில் தண்ணீரைக் கண்டே தீர வேண்டும் என்பவர்கள் நல்ல மழைக்குப் பின் பிப்ரவரியில் போகலாம். அப்போது பாதையும் தண்ணீருக்குள்தான் இருக்கும்.